துணி இல்லாத இடத்தில் முத்திரை

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதற்காக ஒருவன் தண்டிக்கப்படுவது பெரிய கொடுமையா, அல்லது யாரும் பாராமல் குளிப்பதற்கு ஓர் இடம் ஒருத்திக்குக் கிடைக்காமலே போவது பெரிய கொடுமையா? எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் நீங்கள் திகைக்கத்தான் செய்வீர்கள். என் இருபதுகளின் தொடக்கத்தில், தில்லியில் ஓர் அரசு நூலகத்தின் மூலை அறையில், இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. முதல் பாதிக்கு அன்று என்னிடம் நீண்ட பதில் இருந்தது. இரண்டாம் பாதியைக் கேள்வியாகக் கேட்க முடியும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற மாதம், துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தில், மகள் மடிக்கணினியை என் முன் திருப்பினாள். அவள் வடிவமைப்புப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். ஐரோப்பிய நூலகம் ஒன்று தன்னிடமுள்ள பழைய அச்சுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. "அம்மா, இத பாரேன். எவ்ளோ பாரீக்கா, இழை இழையா கோடு போட்டிருக்கான்" என்றாள். மறுமலர்ச்சிக் காலத்துச் செப்புத்தகட்டுச் செதுக்குப் படம். காட்டுச் சுனையில் ரோமானியரின் வேட்டைத் தேவி டயானா தோழியரோடு குளித்துக்கொண்டிருக்கிறாள். கரையில் வேட்டைக்காரன் ஆக்டியான் நிற்கிறான். அவன் நெற்றியில் மான்கொம்பு முளைக்கத் தொடங்கிவிட்டது. நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். ஏதோ குறைந்தது.

"இதுல ஒண்ணு காணோமே" என்றேன்.

"க்யா காணோம்? முழுப் படமும் இருக்கேம்மா."

முழுப் படம்தான். நான் முன்பு பார்த்திருந்த பிரதிக்கும் இதற்கும் அதுதான் வேறுபாடு. தேவியின் மார்பிலும் வயிற்றிலும் ஊதா நிறத்தில் முட்டை வடிவ முத்திரை இல்லை. இத்தனை ஆண்டுகளாக என் நினைவில் அந்தத் தேவி முத்திரையோடுதான் குளித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவளுக்குத் தொப்புள் உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன்.

முத்திரை மை உங்களுக்கு நினைவிருக்கிறதா? தகர டப்பாவுக்குள் ஈரத் துணி, அதன்மேல் ஊதா மை, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் இனிப்பும் காரமும் கலந்த நெடி. தபால் அலுவலகத்திலும் ரேஷன் அலுவலகத்திலும் அந்த நெடிதான் அரசாங்கம் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். எங்கள் நூலகத்தில் அதோடு வெட்டிவேர்த் தட்டியின் ஈரமணமும் சேரும். கோடையில் ஜன்னலில் பொருத்திய கூலர் தண்ணீர் வாசனையோடு காற்றை ஊத, நாங்கள் நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்வோம். 'நாங்கள்' என்றால் நானும் அஞ்சலையக்காவும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வரலாற்றில் முதுகலை முடித்து, தோளில் ஜோல்னாப் பை மாட்டி, அரசியல் சாசனத்தின் முகவுரையை மனப்பாடமாக வைத்திருந்த பெண்ணாக இருந்தேன். பேருந்தில் நடத்துநர் சில்லறை தராவிட்டால்கூட அதன் சமூக விளைவுகளைப் பற்றி நாளிதழ் ஆசிரியருக்கு எழுதுவேன். எந்த ஆசிரியரும் அவற்றை வெளியிட்டதில்லை. அதற்கும் ஒரு சமூகக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அப்பா ஒரு அமைச்சகத்தில் எழுத்தர். சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பு. இரண்டு வரிசை தள்ளி ரகுநாதன் மாமா வீடு. அவர்தான் அந்த நூலகத்தின் தலைவர். பழைய ஐரோப்பிய நூல்களிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதும் தற்காலிக வேலை ஒன்று அங்கே உருவானபோது அப்பாவிடம் சொல்லி என்னை விண்ணப்பிக்க வைத்தவரும் அவரே. வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார். இந்த மாற்றத்தை நான் பேருந்திலிருந்து இறங்கும்போதே செய்துகொள்வேன்.

அஞ்சலையக்கா தினக்கூலி. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, ஜங்புராவில் வடிகாலை ஒட்டிய மதராசி கேம்பில் குடிசை. நூல்களைத் தூசு தட்டுவது, அடுக்குவது, முத்திரை குத்துவது அவள் வேலை. பல ஆண்டுகளாக மாதாமாதம் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலிப் பதிவேட்டில், பெயர் எழுதப்பட்டு வந்தவள். அந்த ஆண்டு, நெடுநாள் தினக்கூலிகளை நிரந்தரம் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நிரந்தரமானால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். சம்பளம், ஓய்வூதியம் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"குவார்ட்டர் குடுப்பாங்கல்ல மேடம். அதுல பாத்ரூம் இருக்கும். உள்ள தாப்பா போட்டுக்கலாம். எம் பொண்ணு கலா பெரியவளாயி ஒரு வருசம் ஆவுது" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. உட்புறம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு.

இனி அந்தப் புத்தகம். முகப்புத் தாள் எப்போதோ போய்விட்டதால் அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. பழைய பதிவில் 'படப் புத்தகம், அன்னிய மொழி' என்று மட்டும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அச்சானதாக இருக்கலாம் என்று வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தார். கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகளுக்கு வரைந்த படங்கள். கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த தடித்த தாள். விரலால் தடவினால் செப்புத்தகடு அழுந்திய விளிம்பு தட்டுப்படும். மயிரிழைபோன்ற கோடுகளை நெருக்கியும் விலக்கியும், குறுக்கே பின்னியும், அந்த முகம் தெரியாத செதுக்குகிறவன் நீரையும் இலையையும் தசையையும் உண்டாக்கியிருந்தான். என் கருத்தில் அவனுக்குத் தேவிகளைவிட நாய்கள் நன்றாக வந்தன. ஆக்டியானின் வேட்டை நாய்களில் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருந்தது.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒரே சட்டத்துக்குள் கதையின் முன்னும் பின்னும் சேர்ந்து நடக்கும். முன்னால் தேவி நீரை அள்ளி அவன் முகத்தில் வீசுகிறாள்; தொலைவில், கட்டைவிரல் அளவில், அதே ஆக்டியான் முழு மானாகி, சொந்த நாய்களால் குதறப்படுகிறான். தான் யார் என்று நாய்களிடம் சொல்ல வாயைத் திறக்கிறான். மனிதக் குரல் வரவில்லை. குற்றமும் தண்டனையும் ஒரே பார்வையில். நீதிமன்றங்களில் இப்படி ஒரு படத்தை மாட்டவேண்டும் என்று அன்றைய என் குறிப்பில் எழுதினேன். நல்லவேளையாக அதை யாரும் படிக்கவில்லை.

அலுவலகங்களில் இந்தி எந்த அளவு புழங்குகிறது என்று ஆராயும் குழு ஒன்று வரப்போவதாகத் தகவல் வந்ததும் ரகுநாதன் சார் தூக்கம் இழந்தார். பெயர்ப் பலகைகள் இந்தியில் இருந்தன. அது அவர் கவலை இல்லை. தெய்வங்களை ஆடையின்றி வரைவது குறித்து ஊரெல்லாம் கோபமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. குழுவில் வரும் பெரியமனிதர் எவராவது பொழுதுபோகாமல் அந்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டால்? அன்னிய நாட்டுத் தேவதைகள்தாம், ஆனாலும் தேவதைகள். சாரின் ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருந்தது. மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் மூலை அறைக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை, தேவையும் இல்லை. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு, விரலை மட்டும் புத்தகத்தை நோக்கி நீட்டினார்.

"அஞ்சலை, இந்தப் புஸ்தகத்துல எங்கெல்லாம் துணி இல்லையோ அங்கெல்லாம் முத்திரை விழணும். புரியறதா?"

"ஆம்பளைக்கும் போடணுமா சார்?"

"ஆம்பளைக்கு இடுப்புக்குக் கீழ மட்டும் போறும்."

"ரெக்க வச்சிக்கிட்டு கொழந்தைங்க பறக்குதே, அதுக்கு?"

சார் சற்று யோசித்தார். "கொழந்தைக்கு வேண்டாம்."

"மேல மனுசன், கீழ குதிரன்னு ஒண்ணு இருக்குது சார்."

"குதிரைக்கு என்னத்துக்கும்மா? விட்டுடு."

நான் குறுக்கிட்டேன். நானூறு ஆண்டுப் பழமை, தாளில் ஏறிய மை திரும்ப வராது என்றெல்லாம் எடுத்துரைத்தேன்.

"நானூறு வருஷமா அவா குளிச்சது போறும்மா" என்றார். "ஒவ்வொரு படத்துக்கும் முத்திரை போடணும்னு விதியே இருக்கு. திருட்டுப் போகாம இருக்க."

"அப்படியானால் எங்கே போடவேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள் சார்."

அவர் அப்போதுதான் திரும்பினார். கோபம் இல்லை, மனத்தாங்கல். "வாயால சொன்னா போறாதா? நான் என்ன அசல் மனுஷனா?"

அயலூரில் தமிழர்களுக்கிடையே இந்த வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. அஞ்சலையக்கா மை டப்பாவைத் திறந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் குத்தினாள். ஒழுங்காகச் செய்தாள் என்று சொல்லவேண்டும். துரத்தும் தேவனிடமிருந்து தப்ப மரமாக மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படத்தில் வெகுநேரம் தயங்கினாள். "இவ பாதி மரமாயிட்டா மேடம். மீதிக்குத்தான் சீலு" என்று சொல்லி இடது பக்கத்தில் மட்டும் குத்தினாள். முத்திரையின் நடுவில் தேதி மாற்றும் உருளை உண்டு. ஆகையால் எல்லாத் தேவிகளின் மார்பிலும் எங்கள் கோடைக்காலத்தின் தேதி பதிந்தது.

டயானாவின் படம் வந்தபோது, நான் ஆக்டியானின் கதையைச் சொன்னேன். அறியாமல் இழைத்த பிழைக்கு எவ்வளவு பெரிய தண்டனை பாருங்கள் என்ற தொனியில், கொஞ்சம் கண் கலங்கும்படியாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"குளிக்கிறத பாத்தானா? அப்ப நாய் கடிச்சது சரிதான்" என்றாள் அவள்.

"வேணும்னு பாக்கலக்கா. வழி தவறி வந்துட்டான்."

"எல்லாரும் வழி தவறித்தான் மேடம் வரானுங்க. எங்க கொழாயடிக்குத் தெனம் நாலு பேரு வழி தவறுறான்." முத்திரையை மையில் அழுத்தி எடுத்தாள். "இந்தம்மாவுக்குச் சுத்திக் காடு இருக்குது, மறைச்சு நிக்கப் பொம்பளைங்க இருக்காங்க, நாயும் இருக்குது. எங்களுக்கு ஒரு சேலதான். காத்தடிச்சா அதுவும் இல்ல."

அதைச் சொல்லிவிட்டுத் தேவியின் வயிற்றில் ஒரு குத்து. அன்று எனக்கு அது ஒரு படிப்பறியாப் பெண்ணின் வெடுக்கென்ற பேச்சாக மட்டும் பட்டது. சுவையாக இருக்கிறதே என்று மாலையில் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

குழு வந்தது. பெயர்ப் பலகைகளை எண்ணியது, முந்திரிப்பருப்பும் தேநீரும் உட்கொண்டது, போயிற்று. நூலகத்தின் உட்பகுதிக்குள் ஒருவரும் வரவில்லை. சார் அன்று மாலை கோயிலில் அர்ச்சனை செய்து, எங்கள் வீட்டுக்கும் பிரசாதம் கொண்டுவந்தார்.

குளிர்காலத்தில்தான் மற்றவர்கள் வந்தார்கள். ஒரு ஐரோப்பியத் தூதரகம் பழைய அச்சுப் புத்தகங்களுக்குக் கண்காட்சி நடத்த விரும்பியது. எந்தத் தூதரகம் என்பது இங்கே வேண்டாம். பொறுக்கி எடுக்க வந்த நிபுணர் நரைத்த தலைமுடியுடைய பெண்மணி. பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு எங்கள் படப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், மூன்றாவது. மை சில தாள்களில் ஊறி மறுபுறமும் வந்திருந்தது. புத்தகத்தை மூடினார், கையுறைகளைக் கழற்றினார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அஞ்சலையக்கா. நன்றி என்று அவளைப் பார்த்துச் சொன்னார். யார் கை செய்த வேலை என்று அவருக்குத் தெரியாது.

தூதரகத்திலிருந்து அமைச்சகத்துக்குக் கடிதம் போயிற்று. அமைச்சகம் விளக்கம் கேட்டது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். 'விவரமறியாத தினக்கூலிப் பெண் ஒருத்தியின் கவனக்குறைவு' என்ற சொற்றொடர், விசாரணை தொடங்குமுன்பே தாழ்வாரத்தில் நடமாடத் தொடங்கிவிட்டது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில் ரகுநாதன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று அவர் மாமா. பிரம்பு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார்.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. இப்போ கேஸுன்னு ஒண்ணு வந்தா பென்ஷன் நின்னுடும். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் போயிடும். அஞ்சலையை நான் நடுத்தெருவுல விடமாட்டேன். கான்ட்ராக்ட்காரனண்ட சொல்லி வேற எடத்துல வச்சுடறேன். இவகிட்ட யாரும் பொய் சொல்லச் சொல்லலை. கேக்கலைன்னா சொல்லவேண்டாம், அவ்வளவுதான்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எனக்கு இடைநிலைத் தேர்வுக் காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர் அவர். ஒரு தட்டில் அவர் மகளின் திருமணம், மறு தட்டில் கலாவின் தாழ்ப்பாள். விளைவுகளை எடைபோடுவதில் நான் தேர்ந்தவள் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அந்த இரவு என் தராசு வேலை செய்யவில்லை.

ஆகையால், என் வாழ்வில் முதல்முறையாக, சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றிற்று. மறுநாள் காலை மதராசி கேம்புக்குப் போனேன்.

அதற்கு முன் நான் அங்கே போனதில்லை. வெகு அருகில், பேருந்தில் தினமும் கடக்கும் தொலைவில்தான் இருந்தது. வடிகாலின் நெடியும் எங்கோ இட்லி வேகும் மணமும் ஒன்றாக வந்தன. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் குழாயடி. குழாய்க் கம்பிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலை கட்டியிருந்தது. அதன் பின்னே யாரோ அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம். இந்தப் பக்கம் அஞ்சலையக்கா, பறக்காமல் இருக்கச் சேலையின் ஓரத்தைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குளித்தது கலா. வடிகாலின் எதிர்க்கரையில் பீடி புகைத்தபடி இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வழி தவறி வந்தவர்களாகத் தெரியவில்லை.

நான் மாமா சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். அவள் சேலையைப் பிடித்த கையை விடாமல் கேட்டாள்.

"கான்ட்ராக்ட்காரன் வேலைக்குக் குவார்ட்டர் உண்டா மேடம்?"

"கிடையாதுக்கா."

"அப்ப அவரு எனக்கு என்னா ஏற்பாடு பண்றாரு?" காற்றில் உப்பிய சேலையை இறுக்கிப் பிடித்தாள். "அவரு பொண்ணு கல்யாணம் நல்லா நடக்கட்டும். நான் சாபம் வுடல. ஆனா அவரு வாயால சொன்னத நீங்க காதால கேட்டீங்க. கேட்டத சொல்லுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அப்படியே சொன்னேன். மூன்று பேர் கொண்ட விசாரணை, மேசைமேல் சமோசா, தலைமை தாங்கியவர் அமைச்சகத்திலிருந்து வந்த உற்சாகமான மனிதர். சார் கூறிய சொற்களை முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும் சொன்னேன். குழந்தைகளுக்கு வேண்டாம் என்று விலக்களித்தது உட்பட எல்லாவற்றையும். சார் தலையைக் குனிந்தபடி பதிலளித்தார்: முத்திரை போடச் சொன்னது உண்மை, விதி அப்படி, இடத்தைத் தேர்ந்தது அந்தப் பெண். எழுத்தில் உத்தரவு உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை. வேறு சாட்சி? இல்லை, மற்ற எவருக்கும் தமிழ் தெரியாது. அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். தினக்கூலியின் வாக்குமூலத்துக்கு இதில் வழிமுறை இல்லை என்றார் இரண்டாமவர். அவள் அப்போது கதவுக்கு வெளியே, ஸ்டூலில், கூப்பிடுவார்கள் என்று தலைவாரிப் பூவைத்து உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் சமோசாவை விண்டுகொண்டே சிரித்தார். "அரே பாயி, யே தோ மத்ராஸியோங் கா ஆபஸ் கா மாம்லா ஹை." மதராசிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டிய சங்கதி. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ரகுநாதன் சாரும் சிரித்தார்; நான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அஞ்சலையக்கா எழுந்தாள். "என்னிய எப்ப கூப்புடுவாங்க?" என்றாள்.

அந்தப் படத்தின் தொலைதூரத்து மூலையை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். ஆக்டியானுக்கு வாய் இருந்தும் குரல் வரவில்லை. இவளிடம் குரல் இருந்தது. அதைக் கேட்க வழிமுறைதான் இல்லை.

அடுத்த மாத மஸ்டர் ரோலில் அவள் பெயர் எழுதப்படவில்லை. நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தினக்கூலியை யாரும் நீக்குவதில்லை. எழுதாமல் விட்டால் போதும். நிரந்தரம் செய்யப்பட்டவர்களின் அறிவிப்பு அதன்பின் சில வாரங்களில் வந்தது. என் தற்காலிகப் பணியும் நிதியின்மையால் முடிவுக்கு வந்தது. சார் கௌரவமாக ஓய்வு பெற்றார்; மகள் திருமணமும் நடந்தது. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நவராத்திரிக்கு இரண்டு வீட்டாரும் ஒருவர் கொலுவுக்கு ஒருவர் போவது நின்றது. அப்பா ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். திருநெல்வேலி விட்டுப் பல காலம் ஆகியும் அவர் பேச்சு மாறவில்லை: "நீ சொன்னது சரிதான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? தெருவுல அவாள் எதுக்க வந்தா எங்க பாக்கன்னுதான் தெரியல." அதன் பிறகு அவர் பால் வாங்க வேறு வழியாகப் போனார்.

புதிய நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளுக்குள், லாஜ்பத் நகர் சந்தையில் அஞ்சலையக்காவைப் பார்த்தேன். பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை. கலாவைச் சீக்கிரமே கட்டிக்கொடுத்துவிட்டாள்; மாப்பிள்ளை வீடும் அதே கேம்பில், அதே குழாய். என்னை நலம் விசாரித்தாள். பிறகு கண்ணில் பழைய குறும்போடு, "அந்தம்மா இன்னும் குளிச்சிக்கிட்டுதான் இருக்காளா?" என்றாள்.

"இருப்பாள்னு நினைக்கிறேன்."

"நான் போட்ட சீலு அழியாதுல்ல?"

"அழியாதுக்கா. நிபுணர்களே முயற்சி பண்ணிப் பாத்தாங்களாம்."

"பரவால்ல. நான்தான் பர்மனென்ட் ஆவல. அதாச்சும் ஆச்சு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, "ஜல்தி போவணும் மேடம், மேம்சாப் கத்தும்" என்று சொல்லிப் போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

மகளின் கணினித் திரையில் இன்று அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு உடைவதில்லை. நாய்களின் பற்கள்வரை தெரிகிறது. அந்தப் படத்தில் தேவியைச் சுற்றித் தோழியர் கைகோத்து நின்று மறைப்பதை நான் இப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். அன்று என் குறிப்பில் அவர்களைப் 'பின்னணி உருவங்கள்' என்று எழுதியிருந்தேன். அவர்களில் ஒருத்தி, துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் இருந்த சரோஜினி நகர்க் குடியிருப்பு வரிசைகளில் பெரும்பகுதி இன்று இல்லை. அங்கே உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. அங்கிருந்த ஊழியர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்துவிட்டுத்தான் இடித்தார்கள். மதராசி கேம்பையும் இடித்துவிட்டார்கள். சிலருக்கு நகரத்தின் மறுகோடியில் வீடு கிடைத்தது என்கிறார்கள், பலருக்குக் கிடைக்கவில்லை என்கிறார்கள். அஞ்சலையக்கா எந்தக் கணக்கில் இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. இடித்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கோயில் இருந்த இடமும் குழாய் இருந்த இடமும் ஒன்றுபோல் மண்ணாகக் கிடந்தன. வடிகால் மட்டும் அப்படியே ஓடிற்று.

எங்கள் விசாரணையால் ஒரு மாற்றம் ஏற்பட்டது என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்யவேண்டும். அடுத்த மாதமே நூலகத்தில் ஓர் உத்தரவு பிறந்தது, இம்முறை எழுத்தில், இந்தியிலும் ஆங்கிலத்திலும்: இனிப் படங்களின் மேல் முத்திரை குத்தக் கூடாது, தாளின் பின்புறத்தில், கீழ் மூலையில் மட்டுமே குத்தவேண்டும். அப்படிக் குத்துவதற்கு வேறொரு பெண்ணை வைத்தார்கள். அவளும் தினக்கூலி.